கொட்லீப் பின்போல் இயந்திரத்துக்கு மறைவான ஓர் இலவச ஆளி

வெள்ளவத்தையில் எனக்கு மாமா முறையான ஒருவரின் வீட்டு விறாந்தையில், சாய்ந்த பலகையில் உலோகப் பந்தைத் தட்டிப் புள்ளி சேர்க்கும் பின்போல் இயந்திரம் ஒன்று நிற்கிறது. சிக்காகோவின் கொட்லீப் நிறுவனம் 1970களின் நடுப்பகுதியில் செய்த, ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் ஆடும் வகை அது. மின்னணுச் சில்லு (சிப்), மின்னணுத் தகடு என்று எதுவும் அதற்குள் இல்லை. ரிலேக்களும் (மின்காந்தத்தால் திறந்து மூடும் ஆளிகள்) சுருள்களும் பல்லுப் பல்லாக நகரும் சக்கரங்களும் வரிசை வரிசையான தகட்டுத் தொடுகைகளுமே பந்துகளை எண்ணி, புள்ளிகளைக் கூட்டி, ஆட்டத்தை முடித்து வைக்கின்றன. மாமா வெளிநாட்டு வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பியபோது வீட்டுச் சாமான்களோடு கப்பலில் வந்து சேர்ந்த பொருள் அது. அதன் காசுத் துவாரம் இன்றைக்கும் அமெரிக்கக் கால் டொலர் காசைத்தான் கேட்கிறது.

வீட்டில் அந்தக் காசுகள் ஒரு தகர டப்பாவில் இருக்கின்றன. பிள்ளைகள் கூடினால் அவை எல்லாம் சிறிது நேரத்தில் இயந்திரத்தின் காசுப் பெட்டிக்குள் போய்விடும். பிறகு மாமா திறப்பைத் தேடி, காசுக் கதவைத் திறந்து, காசுகளை அள்ளி மறுபடியும் பங்கிட வேண்டும். "தம்பி, காசு போட்டாலும் ஓட வேணும், போடாட்டிலும் ஓட வேணும். ஆனா முகத்திலை ஒரு கீறலும் விழக்கூடாது" என்று அவர் என்னிடம் சொன்னதுதான் இந்த வேலைக்கான முழு நிபந்தனை. அதற்கு மேல் நான் எனக்கே விதித்துக்கொண்டவை இரண்டு: மூலக் கம்பி ஒன்றைக்கூட வெட்டக்கூடாது, பலகையில் புதிய துளை ஒன்றைக்கூட இடக்கூடாது. ஐம்பது வயதை நெருங்கும் ஒரு பொருளை நாம் சில காலம் வைத்திருந்து அடுத்தவரிடம் கொடுக்கப்போகிறோம் என்ற எண்ணம் இருந்தால் இந்த இரண்டும் தாமாகவே வரும்.

நம் நாட்டுக் காசை ஏற்கும்படி அதை மாற்றலாமே என்று பலர் கேட்டார்கள். காசைச் சோதிக்கும் பொறிமுறையைக் கழற்றிப் பார்த்தால் அது ஏன் எளிதல்ல என்பது புரியும். கால் டொலரின் விட்டம் 24.26 மில்லிமீற்றர்; தடிப்பு 1.75 மில்லிமீற்றர். செம்பும் நிக்கலும் கலந்து வார்த்த நமது பழைய ஒரு ரூபாவின் விட்டம் 25.4 மில்லிமீற்றர் என்பதால் அது வாயிலிலேயே நின்றுவிடும். ஐந்து ரூபாக் காசு விட்டத்தில் சற்றுச் சிறியதாக இருந்தாலும் தடிப்பில் மிகுதியானது. எல்லாவற்றையும் விடப் பெரிய தடை காந்தம். இரும்புத் தகட்டை வட்டமாக வெட்டிப் போட்டு ஏமாற்றுபவர்களைத் தடுப்பதற்காகவே அந்தப் பொறிமுறையின் நடுவில் ஒரு நிலைக் காந்தம் பொருத்தப்பட்டிருக்கிறது. இரும்பு விழுந்தால் அது காந்தத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். திருப்பித் தரும் பொத்தானை அழுத்தினால்தான் கீழே விழும். செம்பு-நிக்கல் காசு ஒட்டாது, ஆனால் காந்தப்புலத்தைக் கடக்கும்போது அதற்குள் எழும் சுழல் மின்னோட்டம் அதன் வேகத்தைக் குறைக்கும். சரியான உலோகம், சரியான வேகம், சரியான பாதை என்று மூன்றும் பொருந்தினால்தான் காசு ஆளி (சுவிட்ச்) வரை போய்ச் சேரும். 2005ஆம் ஆண்டிலிருந்து நமது சில்லறைக் காசுகள் முலாம் பூசிய உருக்கில் வருவதால், இன்று கொழும்பில் கையில் புழங்கும் காசு பெரும்பாலும் அந்தக் காந்தத்தின் கண்ணுக்குக் கள்ளக் காசுதான். காந்தத்தை எடுத்துவிட்டு, வழிகாட்டித் தகடுகளை வளைத்து, துவாரத்தை அரம் போட்டு அகட்டினால் உள்ளூர்க் காசு போகும். அப்படிச் செய்தபின் அந்தக் காசுக் கதவு வேறொரு பொருளாகிவிடும். ஆகவே காசுப் பாதையை அப்படியே விட்டுவிட்டு, காசு கேட்கும் அந்த ஒரு கேள்வியை மட்டும் அடக்குவதே வழி என்று முடிவு செய்தேன்.

மறைவான ஆளி என்பது இந்த வகை இயந்திரங்களுக்கு அந்நியமான ஒன்றல்ல. நியூயோர்க் நகரில் 1942இலிருந்து 1976 வரை பின்போல் தடைசெய்யப்பட்டிருந்தது. அதைச் சூதாட்டமாகக் கருதியதே காரணம். வென்றவருக்கு இயந்திரம் தரும் இலவச ஆட்டங்களைக் கடைக்காரர் பணமாகக் கொடுத்துத் தீர்த்துவிட்டு, அந்த எண்ணிக்கையைப் பூச்சியமாக்குவதற்குப் பெட்டியின் அடியில் ஒரு பொத்தானை மறைத்து வைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. அந்தப் பொத்தான் இருப்பதையே சூதுக்குச் சான்றாக அதிகாரிகள் எடுத்துக்கொண்டார்கள். இலவச ஆட்டம் கொடுப்பதே சட்டத்துக்கு உறுத்திய இடங்களுக்காக, பரிசாக ஒரு பந்தைக் கூடுதலாகத் தரும் வகையைக் கொட்லீப் 1960இல் கொண்டுவந்தது. நான் வைக்கும் ஆளி காசைத் தொடுவதும் இல்லை, யாரையும் ஏய்ப்பதும் இல்லை. ஆனாலும் பெட்டியின் அடியில் விரலுக்கு மட்டும் தெரியும் ஒரு நெம்பை வைக்கும்போது அந்த வரலாறு நினைவில் இருந்தது.

இலவசமாக ஆடுவதற்கு மூன்று வழிகள் வழக்கத்தில் உள்ளன. அவற்றை எடைபோடுவதற்கு, தொடக்கப் பொத்தானை அழுத்தியதும் உள்ளே என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். காசு விழும்போது ஒரு மெல்லிய கம்பிக் கால் தள்ளப்பட்டு, காசு ஆளி ஒரு கணம் மூடித் திறக்கிறது. அந்தத் துடிப்பு, மேற்பெட்டியில் உள்ள கிரெடிட் சக்கரத்தை (இன்னும் எத்தனை ஆட்டம் ஆடலாம் என்று எண்ணும் சக்கரம்) ஒரு பல் முன்னே தள்ளுகிறது. கண்ணாடியில் உள்ள சிறு சாளரத்தில் எண் ஒன்று கூடுகிறது. தொடக்கப் பொத்தானை அழுத்தினால், மின்னோட்டம் அந்தச் சக்கரத்தோடு சேர்ந்த பூச்சிய ஆளி வழியாகத் தொடக்க ரிலேக்குப் போகிறது. சக்கரம் பூச்சியத்தில் நின்றால், அதில் உள்ள ஒரு முளை அந்த ஆளியின் தகட்டை விலக்கி வைத்திருக்கும். பாதை அறுந்திருப்பதால் பொத்தானை எவ்வளவு அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. எண் ஒன்றோ அதற்கு மேலோ இருந்தால் ஆளி மூடியிருக்கும், ரிலே இழுக்கும், சக்கரம் ஒரு பல் பின்னே வரும், புள்ளி மோட்டார் சுழலும், புள்ளி உருளைகள் படபடவென்று பூச்சியத்துக்குத் திரும்பும்.

முதல் வழி மிகச் சுலபமானது, ஆகவே மிகப் பரவலானது: பூச்சிய ஆளியின் தகட்டைக் குறட்டால் வளைத்து, எந்நேரமும் மூடியிருக்கும்படி செய்துவிடுவது. ஒரு நிமிட வேலை. ஆனால் அதன்பின் காசுக்கு அர்த்தம் இல்லை. பழைய நிலைக்குத் திரும்ப வேண்டுமென்றால் மேற்பெட்டியைத் திறந்து மறுபடி வளைக்க வேண்டும். அந்தத் தகடு நெகிழ்ந்து மீள்வதற்கென்று செய்யப்பட்டது. அடியில் மடித்து மடித்து நிமிர்த்தினால் ஒரு நாள் ஒடிந்துவிடும். மாமாவின் நிபந்தனைக்கு இது பொருந்தவில்லை.

இரண்டாவது வழி, காசு ஆளிக்குப் பக்க இணைப்பாக, அதாவது அதைத் தாண்டிப் போகும் இன்னொரு பாதையாக, ஒரு பொத்தானை வைப்பது. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஒரு கிரெடிட் ஏறும். கிரெடிட் சக்கரத்தின் ஓசையும் கிடைக்கும். பலருக்கு இதுதான் பிடிக்கும். எனக்கு இதில் இரண்டு மனக்குறைகள். சக்கரத்தை ஏற்றும் சுருள் ஒரு கணத் துடிப்புக்காகச் சுற்றப்பட்டது. காசு விழுந்து கடந்துபோகும் நேரம் மட்டுமே அதற்குள் மின்னோட்டம் ஓட வேண்டும். ஒரு சிறுவன் அந்தப் பொத்தானைப் பிடித்துக்கொண்டே நின்றால் சுருள் சூடேறி, மேலுறை கருகி, உள்ளே உள்ள குழாய் உருகி, முளை அதற்குள் இறுகிவிடும். பாதுகாப்பு உருகி (பியூஸ்) எரிவதற்கு முன்பே சுருள் எரிந்துவிடக்கூடும், ஏனென்றால் ஒரு சுருள் மட்டும் தொடர்ந்து இழுப்பதை அந்தப் பெரிய உருகி ஒரு கோளாறாகவே உணராது. தன்னிலையில் நிற்கும் (கையை எடுத்தாலும் தள்ளிய நிலையிலேயே இருக்கும்) ஆளியை அங்கே யாரும் வைக்கவே கூடாது. மற்றக் குறை ஆட்டத்தைப் பற்றியது. நன்றாக ஆடி வென்றால் இயந்திரம் பலகையில் ஓங்கி ஓர் அடி அடித்து ஒரு கிரெடிட்டைச் சேர்க்கிறது. அந்தச் சத்தம் கேட்டால் அடுத்த அறையில் இருப்பவரும் எட்டிப் பார்ப்பார். பொத்தானை அழுத்தி ஏற்றிய கிரெடிட்டும் வென்றெடுத்த கிரெடிட்டும் ஒரே சாளரத்தில் ஒரே எண்ணாகக் கலந்துவிட்டால் அந்த அடிக்கு மதிப்புக் குறைந்துபோகும்.

மூன்றாவது வழியைத்தான் எடுத்துக்கொண்டேன்: பூச்சிய ஆளிக்குப் பக்க இணைப்பாக, தன்னிலையில் நிற்கும் ஒரு சிறு நெம்பு ஆளி. அது திறந்திருந்தால் இயந்திரம் சிக்காகோவில் இருந்து வந்தபடியே காசு கேட்கும். மூடியிருந்தால், சக்கரம் பூச்சியத்தில் நின்றாலும் தொடக்கப் பொத்தான் வேலை செய்யும். சாளரத்தில் எண் இருந்தால் அது வென்றது. அடுத்த ஆட்டம் தொடங்கும்போது வழக்கம்போல் ஒன்று குறையும். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. பாதையை மூடுவதும் திறப்பதும் தொடக்கப் பொத்தானின் தொடுகையே. புதிய ஆளி மூடிய நிலையில் சும்மா மின்னோட்டத்தைக் கடத்திக்கொண்டு நிற்கிறது. சுருளுக்குப் போகும் மின்னோட்டத்தை அறுக்கும்போதுதான் பொறி பறந்து தொடுகை கருகும். அந்தச் சுமை புதிய ஆளியின் மேல் விழுவதே இல்லை. யாரும் பொத்தானை அழுத்தியபடி நெம்பை மாற்றாத வரை அது பல்லாண்டுக்குக் கெடாது.

கம்பியில் கை வைப்பதற்கு முன் மின்வழங்கலைச் சரிபார்த்தேன். இயந்திரத்தின் மின்மாற்றி 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கானது. கொழும்பில் நமக்குக் கிடைப்பது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கிய இறக்கு மின்மாற்றி ஒன்றை மாமா பயன்படுத்துகிறார். அது வோல்டைக் குறைக்கும், அதிர்வெண்ணை மாற்றாது. அதிர்வெண் குறைந்தால் சுருளின் தூண்டல் மறுப்பும் அதே வீதத்தில் குறைகிறது, ஆகவே மாறுமின்னோட்டச் சுருள்கள் சற்றுக் கூடுதலான மின்னோட்டத்தை இழுக்கின்றன, கூடுதலாக முனகுகின்றன, கூடுதலாகச் சூடேறுகின்றன. புள்ளி மோட்டாரும் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுழல்கிறது. இயந்திரம் இயங்கும் நேரம் முழுவதும் இழுத்தபடி இருக்கும் ஒரு சுருள் காசுக் கதவில் உண்டு. மின்சாரம் இல்லாதபோது போடப்படும் காசை விழுங்காமல் திருப்பி அனுப்புவதற்கான சுருள் அது. அரை மணி நேரம் ஓடவிட்டு அதைத் தொட்டுப் பார்த்தேன். கை வைத்திருக்க முடியும் அளவு சூடுதான் இருந்தது. இலவச நிலையில் அந்தச் சுருளுக்கு வேலையில்லை என்றாலும் அதை நான் துண்டிக்கவில்லை. எந்த நிலையில் இருந்தாலும் காசு போட்டால் அது போய்ச் சேர வேண்டும்.

நிலத்தொடுப்பு (எர்த்) இதைவிட முக்கியமானது. புறக்கோட்டையில் கிடைக்கும் இறக்கு மின்மாற்றிகளில் பல, ஒரே சுற்றில் இருந்து கிளை எடுத்தவை. அவை வீட்டு மின்சாரத்தில் இருந்து நம்மைப் பிரித்து வைப்பதில்லை. இந்தப் பெட்டியின் காசுக் கதவு உலோகம், கால்கள் உலோகம், பக்கச் சட்டங்கள் உலோகம். ஆடுபவரின் உள்ளங்கை எந்நேரமும் அவற்றில் ஒன்றின் மேல் இருக்கும். வெறுங்காலோடு சீமெந்துத் தரையில் நிற்கும் பிள்ளைக்கு அது சிறிய விடயமல்ல. மூன்று கம்பி வடம் ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. செருகியின் நில முள்ளில் இருந்து காசுக் கதவு, நான்கு கால்கள், மேற்பெட்டியின் உலோகச் சட்டம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தொடர்ச்சி இருக்கிறதா என்று மல்டிமீற்றரால் பார்த்தேன். முன் வலது காலின் நிலம் ஒரு பெயின்ற் படலத்தால் தடைப்பட்டிருந்தது. கால் ஆணியின் அடியைச் சுரண்டி, பல் வளையம் ஒன்றைப் போட்டு இறுக்கிய பிறகுதான் அடுத்த வேலைக்குப் போனேன். இதுபோன்ற மாற்றம் எதையும் செய்ய நினைப்பவர் முதலில் செய்ய வேண்டியது இதுதான். ஆளி இல்லாவிட்டாலும் இயந்திரம் ஓடும், நிலம் இல்லாமல் அதை ஓட்டவே கூடாது.

நாம் கைவைக்கும் சுற்று 25 வோல்ட் பக்கத்தைச் சேர்ந்தது. இயந்திரத்தின் சொந்த மின்மாற்றி அதை வீட்டு மின்சாரத்தில் இருந்து பிரித்து வைத்திருக்கிறது. ஆயினும் அதே பெட்டியின் அடித்தளத்தில் பிரதான ஆளியும் அதன் திறந்த முனைகளும் இருக்கின்றன. ஆகவே செருகியை வெறுமனே அணைக்காமல் சுவரில் இருந்து பிடுங்கி, என் கண்ணில் படும் இடத்தில் தரையில் போட்டுவிட்டே கையை உள்ளே விட்டேன்.

பூச்சிய ஆளி மேற்பெட்டியில் இருக்கிறது. புதிய ஆளி கீழ்ப்பெட்டியில் வர வேண்டும். இரண்டுக்கும் இடையில் நீண்ட கம்பியை இழுத்து, கழுத்து வழியாகக் கொண்டுவர வேண்டுமோ என்று முதலில் தோன்றியது. சுற்று வரைபடத்தை விரித்துப் பாதையைப் பின்தொடர்ந்தபோது தேவை இல்லை என்று தெரிந்தது. தொடக்கப் பொத்தானில் இருந்து புறப்படும் கம்பி, பல முனைச் செருகி ஒன்றின் வழியாக மேற்பெட்டிக்கு ஏறி, பூச்சிய ஆளியைக் கடந்து, அதே செருகியின் வேறொரு முனை வழியாக இறங்கித் தொடக்க ரிலேயின் பக்கம் போகிறது. அப்படியானால் பூச்சிய ஆளியின் இரண்டு கரைகளும் கீழ்ப்பெட்டியில், செருகியின் பின்புறத்தில், பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கின்றன. மேற்பெட்டிக்குள் ஒரு துளிப் பற்றாசுகூட வைக்க வேண்டியதில்லை.

வரைபடம் சொல்வதை அப்படியே நம்பிவிடக்கூடாது. ஐம்பது ஆண்டில் எத்தனை கைகள் உள்ளே போயிருக்கும் என்பது யாருக்கும் தெரியாது. கிரெடிட் சக்கரத்தைக் கையால் ஒரு பல் ஏற்றி வைத்து, செருகியின் அந்த இரு முனைகளில் மல்டிமீற்றரின் ஊசிகளை வைத்தேன், தொடர்ச்சி இருந்தது. பிறகு பூச்சிய ஆளியின் இரு தொடுகைப் புள்ளிகளுக்கு இடையில் ஒரு விசிற்றிங் காட்டைச் செருகினேன், தொடர்ச்சி அறுந்தது. காட்டை எடுத்ததும் மீண்டும் வந்தது. இதைச் செய்வதற்குக் காரணம் உண்டு. அதே பாதையில் வேறு ஆளிகளும் தொடராக நிற்கக்கூடும். அவற்றையும் சேர்த்துத் தாண்டிவிட்டால், இயந்திரம் தன் முந்தைய சுழற்சியை முடிக்கும் முன்பே புதிய தொடக்கம் நுழைந்து, ரிலேக்கள் ஒன்றோடொன்று மோதி, எங்கே நின்றோம் என்று தெரியாத நிலைக்கு அது போய்விடும். நாம் தாண்ட வேண்டியது பூச்சிய ஆளியை மட்டும். இந்தச் சோதனை அதைத்தான் உறுதிசெய்கிறது.

காட்டைச் செருகும்போதே அந்தத் தொடுகையின் நிலையையும் பார்த்தேன். வெள்ளவத்தையில் கடலுக்கும் காலி வீதிக்கும் இடையில் உள்ள வீடுகளில் உப்புக்காற்று எதையும் விட்டுவைப்பதில்லை. வெள்ளித் தொடுகைப் புள்ளிகள் இரண்டும் கருமை படிந்து, தகட்டின் அடியில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. மின்னோட்டம் மிகுந்த இடங்களில் இருக்கும் தங்ஸ்தன் புள்ளிகளுக்கு மெல்லிய அரம் தேவைப்படும். வெள்ளிப் புள்ளிக்கு அரமும் வேண்டாம், மணல் தாளும் வேண்டாம். ஐசோபுரோப்பைல் அற்ககோலில் நனைத்த தடித்த வெள்ளைக் காகிதத் துண்டை இடையில் வைத்து, தகடுகளை விரலால் இலேசாகச் சேர்த்துப் பிடித்து இழுத்தால் காகிதத்தில் ஒரு கறுப்புக் கோடு விழும். கோடு விழாமல் காகிதம் வெள்ளையாக வரும் வரை இழுக்க வேண்டும். பிறகு தகடுகளின் இடைவெளி ஒன்றரை மில்லிமீற்றர் அளவில் இருக்கிறதா என்றும், மூடும்போது ஒரு புள்ளி மற்றதைச் சற்றுத் தள்ளித் துடைத்தபடி மூடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். அந்தச் சிறு துடைப்புத்தான் தொடுகையைச் சுத்தமாக வைத்திருக்கிறது.

நெம்பு ஆளியை முதலாம் குறுக்குத் தெருவிலேயே வாங்கினேன். தொடக்க ரிலேயின் சுருள் இழுக்கும் மின்னோட்டத்தை முன்கூட்டியே அளந்திருந்தேன். அது அரை அம்பியரைத் தாண்டவில்லை. 250 வோல்ட், 3 அம்பியர் என்று பொறித்த சாதாரண ஆளியே தாராளமாகப் போதும். ஆனால் நெம்பின் அடியில் இறப்பர் மூடி உள்ள வகையைத்தான் கேட்டு வாங்கினேன். அது அடியில் இருந்து வரும் ஈரக்காற்றைப் பார்த்தபடி நிற்கப்போகிறது. காந்தத்தால் இயங்கும் நாணல் ஆளியை உள்ளே வைத்து, வெளியே காந்தம் ஒன்றைக் காட்டி இயக்கலாம் என்றும் யோசித்தேன். மறைப்பதற்கு அதைவிடச் சிறந்த வழி இல்லைதான். ஆனால் காந்தம் தொலைந்துபோனால் ஆளி இருப்பதே மறந்துபோகும். அடுத்து வருபவர் அந்தக் கண்ணாடிக் குழாயைப் பார்த்து அது என்னவென்று தெரியாமல் வெட்டி எறிவார். நெம்பைப் பார்த்தால் யாருக்கும் புரியும்.

எங்கே வைப்பது என்பதில்தான் அதிக நேரம் போனது. காசு திரும்பி விழும் கிண்ணத்தின் உட்புற மேல்விளிம்பு முதலில் கண்ணில் பட்டது. விரல் நுனியை உள்ளே விட்டு மேலே தள்ளினால் போதும், வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் காசுத் துவாரம் உள்ள எந்தப் பெட்டியைக் கண்டாலும் பிள்ளைகள் முதலில் விரல் விடும் இடம் அந்தக் கிண்ணம்தான். பிரதான ஆளிக்குப் பக்கத்தில் உள்ள இடம் வசதியானது. வீட்டு மின்சாரத்துக்கு அருகில் விரலைத் தேடவிடுவது எனக்கு ஒப்பவில்லை. கடைசியில் அடித்தளப் பலகையே வழி காட்டியது. காற்றோட்டத்துக்காகத் தொழிற்சாலையிலேயே இடப்பட்ட வட்டத் துளைகள் அதில் உள்ளன. அவற்றில் ஒன்று முன்புற இடது மூலைக்கு அருகில், ஆடுபவர் நின்றபடியே கையைக் கீழே விட்டால் எட்டும் தூரத்தில் இருக்கிறது.

மூலைவடிவ அலுமினியத் தகடு ஒன்றை வெட்டி, ஒரு முகத்தில் ஆளிக்கான துளையை இட்டேன். மறுமுகத்தை, காசுப் பெட்டிக்கு வழிகாட்டும் மரச்சட்டத்தில் ஏற்கெனவே இருந்த திருகாணியின் அடியில் செருகி இறுக்கினேன். ஆளி தலைகீழாக, காற்றுத் துளைக்கு நேர்மேலே தொங்குகிறது. நெம்பின் நுனி பலகையின் கீழ்ப்பரப்பை விட ஐந்து மில்லிமீற்றர் உள்ளே நிற்கும்படி உயரத்தைச் சரிசெய்தேன். பெட்டியைத் தூக்கித் தரையில் வைத்தாலும் அது எதிலும் இடிபடாது. கையை அடியில் விட்டு விரலால் தடவினால் முதலில் துளையின் விளிம்பு, பிறகு இறப்பரின் மென்மை, பிறகு நெம்பு. ஆடுபவரின் பக்கம் தள்ளினால் இலவசம். பின்னே தள்ளினால் காசு. இந்த இயந்திரம் ஒவ்வொரு அடிக்கும் அதிர்வதால் ஆளியின் மரைக்குப் பல் வளையம் போட்டேன். அலுமினியத் தகட்டின் அடியில் ஒரு துண்டு இறப்பரும் வைத்தேன்.

இறுதி இணைப்புக்கு முன், முதலைக் கவ்வி பொருத்திய இரு கம்பிகளால் தற்காலிகமாக இணைத்து ஓடவிட்டேன். சாளரத்தில் பூச்சியம், பொத்தானை அழுத்தினேன், ரிலே இழுத்தது, மோட்டார் சுழன்றது, உருளைகள் திரும்பின, பந்து வெளியே வந்தது. இந்த நேரத்தில் நான் கவனித்தது கிரெடிட் சக்கரத்தை. ஆட்டம் தொடங்கும்போது அதை ஒரு பல் பின்னே விடும் சுருள், சக்கரம் பூச்சியத்தில் நின்றாலும் துடிக்கத்தான் செய்யும். கவ்வி விலகும், சக்கரம் தன் சுருள்வில்லின் இழுப்பில் தடுப்பு முளையில் சாய்ந்து நிற்கும், கவ்வி மறுபடி பல்லில் விழும். முளை உறுதியாக இருந்தால் இதனால் எந்தத் தீங்கும் இல்லை. அது தளர்ந்திருந்தால் சக்கரம் ஒரு பல் தாண்டி, சாளரத்தில் எண் பாதியாகத் தெரியும்; தொடர்ந்து வரும் காசுக் கணக்கும் பிழைக்கும். மேற்பெட்டியைத் திறந்து வைத்து, மாமாவைப் பொத்தானை அழுத்தச் சொல்லி, சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அசையவில்லை. அந்த முளையின் திருகாணியை இறுக்கிவிட்டு மேற்பெட்டியை மூடினேன்.

நிலையான இணைப்பு சிறு வேலைதான். 0.75 சதுர மில்லிமீற்றர் நெகிழ்கம்பி இரண்டை, மூலக் கம்பிகளில் எதிலும் இல்லாத ஊதா நிறத்தில் தேர்ந்தெடுத்தேன். பின்னால் வருபவர் இது பிற்சேர்க்கை என்று பார்த்தவுடன் அறிய வேண்டும். செருகியின் முனைகளில் இருந்த பழைய பற்றாசைக் கலைக்காமல், அதன் மேலேயே புதிய கம்பியைச் சேர்த்துச் சூடு காட்டினேன். உப்பேறிய பழைய முனையில் பற்றாசு உடனே பரவாது. முனையை முதலில் கண்ணாடி இழைத் தூரிகையால் தேய்த்து, சிறிது பிசின் பசை தடவி, முனை நன்றாகச் சூடேறிய பிறகே பற்றாசைக் காட்ட வேண்டும். முனைகளுக்கு மேல் வெப்பத்தில் சுருங்கும் குழாய். கம்பியை ஏற்கெனவே போடப்பட்டிருந்த கட்டின் வழியே கொண்டுபோய், மெழுகு நூலால் கட்டினேன். பிளாஸ்ரிக் பட்டியைவிட அந்தக் காலத்துக் கட்டு முறைக்கு அது பொருந்தும்.

ஆளி வேலை செய்யத் தொடங்கிய பிறகு பிள்ளைகள் ஒரு விடயத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். ஒருவர் ஆடும் இவ்வகை இயந்திரத்தில், கிரெடிட் இருக்கும்போது ஆட்டத்தின் நடுவில் தொடக்கப் பொத்தானை அழுத்தினால் நடக்கும் ஆட்டம் அழிந்து புதியது தொடங்கிவிடும். காசு கேட்கும் நிலையில் கிரெடிட் பெரும்பாலும் பூச்சியம் என்பதால் இது கண்ணில் படுவதில்லை; இலவச நிலையில் எந்நேரமும் கண்ணில் படும். முதல் பந்து சரியாகப் போகவில்லை என்றால் உடனே பொத்தானை அழுத்துகிறார்கள்; வரிசையில் நிற்பவர் முறையிடுகிறார். ஆட்டம் முடிந்ததைக் காட்டும் ரிலேயில் ஒரு தொடுகையைச் சேர்த்து, அதை இந்தப் புதிய பாதையில் தொடராக வைத்தால், ஆட்டம் முடிந்தபின் மட்டும் இலவசத் தொடக்கம் வேலை செய்யும்படி ஆக்கலாம். அதற்குரிய தகட்டுச் சோடியை எங்கே சேர்ப்பது என்றுகூடப் பார்த்து வைத்தேன். ஆனால் செய்யவில்லை. கிரெடிட் இருந்தால் எப்போதும் புதிதாகத் தொடங்கலாம் என்பது இந்த இயந்திரத்தைச் செய்தவர்கள் வைத்த விதி. காசுக் கேள்வியை அடக்குவது ஒன்று, ஆட்டத்தின் விதியை மாற்றுவது வேறொன்று. மாமா தன் வழியில் தீர்த்துக்கொண்டார். நடுவில் பொத்தானை அழுத்துபவர் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார். அது கம்பியைவிட நன்றாக வேலை செய்கிறது. சண்டை மிஞ்சினால் அவர் பேசாமல் கையைப் பெட்டியின் அடியில் விட்டு நெம்பைப் பின்னே தள்ளிவிடுகிறார். பிறகு ஆளுக்கு இரண்டு கால் டொலர்தான்.

பூச்சிய ஆளிக்கு எந்த இரண்டு முனைகளில் பக்க இணைப்பு எடுக்கப்பட்டது, கம்பியின் நிறம் என்ன, எதைக் கழற்றினால் பழைய நிலை வரும் என்பவற்றை ஒரு தாளில் எழுதி, சுற்று வரைபடத்தின் நகலில் அந்த இடத்தை ஊதாப் பென்சிலால் வட்டமிட்டு, இரண்டையும் பிளாஸ்ரிக் உறையில் போட்டுக் காசுக் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறேன். கழற்ற வேண்டியவை இரண்டு பற்றாசு முனைகளும் ஒரு திருகாணியும் மட்டுமே. அடுத்த முறை போகும்போது மேற்பெட்டி விளக்குகளைப் பார்க்க வேண்டும். 44ஆம் இலக்கக் குமிழ்கள் கால் அம்பியர் இழுத்துக் கண்ணாடியைச் சூடாக்குகின்றன, 0.15 அம்பியர் இழுக்கும் 47ஆம் இலக்கக் குமிழ்களை மாமா ஏற்கெனவே வருவித்து வைத்திருக்கிறார்.